ஜப்பானில் சைக்கிள் சாலைக்கு இறங்க வேண்டும் என்ற விதி: மக்கள் ஏன் கொதித்தார்கள்? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2026 ஏப்ரல் 1 முதல் ஜப்பானில் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கும் அபராதச் சீட்டு உண்டு. காரோட்டிகளுக்குப் பல வருடங்களாகக் கொடுத்துவரும் அதே நீலச் சீட்டுதான். 16 வயது நிறைந்த எல்லோருக்கும் பொருந்தும். அபராதப் பட்டியல் 2025-ல் வெளியானபோது அதில் ஒரு வரி எல்லோர் கண்ணிலும் பட்டது: நடைபாதையில் ஓட்டினால் 6,000 யென். அன்றிலிருந்து அலுவலகத்திலும், பள்ளி வாசலிலும், குழந்தைகள் காப்பகத்தின் முன்னாலும் இதே பேச்சு.

இங்கே வாழும் தமிழர்களும், வேலைக்கோ படிப்புக்கோ வரப்போகிறவர்களும் கேட்கும் கேள்விகளை ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறேன். என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சைக்கிள் சாலையில் போக வேண்டும் என்ற விதி சரியானது. ஆனால் சாலையைத் தயார் செய்யாமல் ஆளை மட்டும் இறங்கச் சொன்னார்கள். அதனால் வந்த கோபம் நியாயமானது என்றே நினைக்கிறேன்.

இது புதிய சட்டமா?

இல்லை. 1960-ல் வந்த சாலைப் போக்குவரத்துச் சட்டத்திலேயே சைக்கிள் ஒரு வாகனம். இலகு வாகனம் என்ற வகையில் வரும். வாகனம் என்றால் சாலையில்தான் போக வேண்டும், அதுவும் இடது ஓரமாக. இந்த அடிப்படை விதி மாறவே இல்லை.

இடையில் ஒரு விலக்கு நுழைந்தது. அறுபதுகளில் கார்கள் பெருகின, விபத்துகளும் பெருகின. 1970-ல் மட்டும் சாலை விபத்தில் 16,765 பேர் இறந்தார்கள். ஜப்பானில் அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு மோசமான வருடம் இல்லை. சைக்கிள்காரர்களைக் காப்பாற்ற அப்போது கையில் கிடைத்த வழி, அவர்களை நடைபாதையில் ஏற்றிவிடுவது. அறிவிப்புப் பலகை உள்ள நடைபாதையில் ஓட்டலாம் என்று 1970-ல் சட்டம் திருத்தப்பட்டது. 1978-ல் அந்த ஏற்பாடு இன்னும் உறுதியானது.

அவசரத்துக்குச் செய்த ஏற்பாடு அரை நூற்றாண்டு நீடித்துவிட்டது. பலகை இருக்கிறதா என்று பார்க்கும் பழக்கமும் மெல்லப் போய்விட்டது. தாத்தா நடைபாதையில் ஓட்டினார், அம்மா ஓட்டினார், பிள்ளையும் ஓட்டுகிறது. கடையில் அதிகம் விற்கும் 'மாமாச்சாரி' வகை சைக்கிளைப் பாருங்கள். தாழ்வான ஃபிரேம், நிமிர்ந்து உட்காரும் இருக்கை, முன்னால் கூடை, பின்னால் குழந்தை சீட். மெதுவாக, பக்கத்துத் தெருவுக்குப் போய்வரச் செய்த வண்டி அது. லாரிகளுக்கு நடுவே ஓட்டச் செய்ததில்லை.

அப்படியென்றால் இப்போது ஏன் கெடுபிடி?

திடீரென்று வந்ததாகத் தோன்றும், ஆனால் பதினைந்து வருடமாக வந்துகொண்டிருக்கிறது. 2011 மார்ச் நிலநடுக்கத்தன்று டோக்கியோவில் ரயில்கள் நின்று, லட்சக்கணக்கானோர் வீட்டுக்கு நடந்தே போனார்கள். அதன்பின் வேலைக்குச் சைக்கிளில் போகிறவர்கள் கூடினார்கள். நடைபாதையில் உரசலும் கூடியது. அந்த அக்டோபரில் தேசியக் காவல் துறை எல்லா மாகாணக் காவல் துறைகளுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. சைக்கிள் வாகனம் என்பதை நடைமுறையில் கொண்டுவாருங்கள், 3 மீட்டருக்குக் குறைவான அகலமுள்ள நடைபாதைகளில் கொடுத்த அனுமதியை மறுபரிசீலனை செய்யுங்கள் என்பதுதான் சாரம். இப்போது கேட்கும் அதே புலம்பல் அப்போதே கேட்டது: "எங்கே இறங்குவது? இடம் எங்கே?"

அதன்பின் ஒவ்வொன்றாக வந்தன. 2013 டிசம்பரில், சாலை ஓரத்தில் வெள்ளைக் கோடு போட்டுப் பிரித்த பட்டையிலும் இடதுபுறம் மட்டுமே என்ற விதி. 2015-ல் திரும்பத் திரும்ப மீறுபவர்களுக்குக் கட்டாய வகுப்பு. 2024 நவம்பரில் போன் பார்த்தபடி ஓட்டுவதற்கும் குடித்துவிட்டு ஓட்டுவதற்கும் கடும் தண்டனை.

நீலச் சீட்டுக்குக் காவல் துறை சொல்லும் காரணம் புரிந்துகொள்ளக்கூடியது. அதற்கு முன் போலீஸ் கையில் இரண்டே வழிதான் இருந்தது. ஒன்று, வாயால் எச்சரிப்பது. இன்னொன்று, சிவப்புச் சீட்டு. அது குற்றவழக்கு. விசாரணை, அரசு வழக்கறிஞர் என்று இழுத்து, கடைசியில் பெரும்பாலும் வழக்குப் போடாமலே முடியும். நடுவில் ஒரு படி வேண்டும் என்றுதான் அபராதம் வந்தது.

சட்டத்தை மதிக்கும் மக்கள் என்று பெயர் பெற்றவர்கள். அவர்களே ஏன் எதிர்த்தார்கள்?

இதற்குப் பதில் சட்டப் புத்தகத்தில் கிடைக்காது, சாலையின் இடது ஓரத்தில் கிடைக்கும்.

சாலையின் விளிம்பில் மழைநீர் ஓடுவதற்கு ஒரு கான்கிரீட் பட்டை இருக்கும். நடைபாதைக் கல்லை ஒட்டிச் சற்றே சரிவாகப் போகும். தாரும் கான்கிரீட்டும் சேரும் இடத்தில் ஒரு நீண்ட கோடு. பழைய சாலைகளில் அந்தக் கோடு பிளந்து, மெல்லிய டயர் சிக்கும் அளவுக்குப் பள்ளமாகிக் கிடக்கும். சில மீட்டருக்கு ஒருமுறை இரும்புச் சல்லடை மூடி. மழை நாளில் அதன்மேல் பிரேக் பிடித்தால் சக்கரம் வழுக்கும். "இடது ஓரமாக ஓட்டுங்கள்" என்றால் பல தெருக்களில் இந்தப் பட்டையின் மேல் ஓட்டுங்கள் என்றுதான் பொருள். சைக்கிளுக்கு வழிகாட்ட வரைந்திருக்கும் நீல அம்புக்குறிகள்கூட சில இடங்களில் பாதி இந்தப் பட்டையின் மேலேயே கிடக்கின்றன.

இதில் ஒரு அம்மாவை வைத்துப் பாருங்கள். பேட்டரி சைக்கிள், அதுவே முப்பது கிலோவைத் தொடும். முன்னால் ஒரு குழந்தை, பின்னால் ஒரு குழந்தை, கைப்பிடியில் காப்பகத்துப் பை. எதிரே கூரியர் வேன் நிற்கிறது, நாலு விளக்கும் மினுக்கிக்கொண்டு. வேனைத் தாண்ட வலப்பக்கம் விலக வேண்டும், அங்கே பேருந்து வருகிறது. பின்னால் திரும்பிப் பார்த்தால் வண்டி ஆடும், பார்க்காமல் விலகவும் முடியாது. நின்றால் இருபுறமும் எடை இழுக்கிறது. இத்தனைக்கும் பக்கத்திலேயே ஆளில்லாத அகலமான நடைபாதை. அவர் அதில் ஏறினால் 6,000 யென் என்கிறது பட்டியல். வேன் இப்படி எல்லா நாளும் எல்லாத் தெருவிலும் நிற்கிறது.

இந்தக் காட்சியைத் தினமும் வாழ்கிறவர்கள்தான் எதிர்த்தவர்களில் பெரும்பகுதி. சட்டத்தை மீற ஆசைப்பட்டு அவர்கள் பேசவில்லை, பயத்தில் பேசினார்கள். "எனக்கு அபராதம் பரவாயில்லை, குழந்தையோடு லாரி அடியில் போக முடியாது" என்ற குரலை அலட்சியம் என்று ஒதுக்குவது தப்பு.

நடைபாதைதான் பாதுகாப்பு என்பது உண்மையா?

முழு உண்மை இல்லை. இந்த இடத்தில் எதிர்ப்பாளர்களோடு நான் ஒத்துப்போகவில்லை.

காரும் சைக்கிளும் மோதும் விபத்துகளில் மிகப் பெரும்பகுதி சந்திப்புகளில் நடக்கிறது. நடைபாதையில் வரும் சைக்கிளைக் காரோட்டி கவனிப்பதில்லை. மரம், மின்கம்பம், விளம்பரப் பலகை, நிறுத்திய வண்டிகள் எல்லாம் மறைக்கின்றன. அவர் இடதுபுறம் திரும்பும்போது, நடந்து வருபவரின் வேகத்தை எதிர்பார்த்து ஒரு பார்வை பார்ப்பார். சைக்கிள் அதைவிட மூன்று நான்கு மடங்கு வேகத்தில் வந்து முன்னால் நிற்கும். சாலையின் வலப்பக்க நடைபாதையில், எதிர்த்திசையில் வந்தால் இன்னும் ஆபத்து. அந்தத் திசையில் யாரும் பார்ப்பதே இல்லை. சாலையின் இடது ஓரத்தில் வருகிறவர் காரோட்டியின் கண்ணில் முன்பிருந்தே பட்டுக்கொண்டிருப்பார்.

மக்கள் பயப்படுவது பின்னாலிருந்து இடிக்கப்படுவதற்கு. அது எண்ணிக்கையில் குறைவு, ஆனால் நடந்தால் உயிர் போகும் வாய்ப்பு அதிகம். ஆகவே அந்தப் பயத்துக்கும் அடிப்படை இருக்கிறது. நல்ல சாலையில் சாலையோரம் பாதுகாப்பு, மோசமான சாலையில் இரண்டுமே ஆபத்து என்பதுதான் சரியான கணக்கு.

நடந்து போகிறவர்கள் என்ன சொல்கிறார்கள்?

இந்த விவாதத்தில் சத்தம் குறைவாகக் கேட்ட தரப்பு இவர்கள்தான். முதியவர்கள், கைத்தடியோடு நடப்பவர்கள், பார்வையற்றவர்கள். நடைபாதையில் பின்னாலிருந்து சத்தமே இல்லாமல் வந்து உரசிப் போகும் சைக்கிள் இவர்களுக்கு அன்றாடத் தொல்லை. பார்வையற்றவர்களுக்கான மஞ்சள் மேடுகல் பாதை உலகத்துக்கே ஜப்பான் கொடுத்தது, 1967-ல் ஒகயாமாவில் முதலில் பதித்தார்கள். இன்று அந்தக் கற்களின் மேலேயே சைக்கிள்கள் ஓடுகின்றன, நிறுத்தியும் வைக்கிறார்கள்.

கோபே மாவட்ட நீதிமன்றம் 2013-ல் கொடுத்த தீர்ப்பு ஒன்று இங்கே பலருக்கு நினைவிருக்கும். 2008-ல் இரவு நேரத்தில் 11 வயதுச் சிறுவன் ஓட்டிய சைக்கிள், நடந்துபோன 62 வயதுப் பெண்மணியின் மேல் மோதியது. அவர் நினைவு திரும்பாமலே போனார். சிறுவனின் தாய் ஏறத்தாழ 9 கோடியே 50 லட்சம் யென் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பானது. அது நடைபாதையில் நடந்த விபத்து இல்லை. ஆனாலும் நடப்பவரைச் சைக்கிள் என்ன செய்துவிடும் என்பதை நாடு முழுக்க உணர வைத்தது. அந்தக் கோபே நகரம் இருக்கும் ஹியோகோ மாகாணம்தான் 2015-ல் சைக்கிள் காப்பீட்டை முதலில் கட்டாயமாக்கியது.

மக்கள் எதிர்த்ததால் ஏதாவது மாறியதா?

மாறியது, ஒரு தடவை இல்லை, மூன்று தடவை.

2006 இறுதியில் காவல் துறையின் ஆலோசனைக் குழு ஒன்று, தேவைப்பட்டால் சில சாலைகளில் சைக்கிளைச் சாலையிலிருந்தே விலக்கி வைக்கலாம் என்ற யோசனையை முன்வைத்தது. இன்றைக்கு நேர் எதிரான திசை! சைக்கிளை வாகனமாக ஓட்டும் ஆர்வலர்கள் கொந்தளித்தார்கள். யோசனை பின்வாங்கப்பட்டது. சாலைதான் அடிப்படை, நடைபாதை விலக்கு என்ற கோட்டிலேயே 2008-ல் விதிகள் வந்தன.

அதே 2008-ல், இரண்டு குழந்தைகளை ஏற்றிக்கொண்டு ஓட்டுவதற்கு இருந்த தடையைக் கறாராக்கப் போவதாகச் செய்தி வந்தது. இந்த முறை எழுந்தவர்கள் தாய்மார்கள். "இரண்டு பிள்ளைகளைக் காப்பகத்தில் விட்டுவிட்டு வேலைக்கு எப்படிப் போவது?" என்ற கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை. தடையைக் கறாராக்குவதற்குப் பதிலாக, மூன்று பேரைத் தாங்கும் உறுதியான சைக்கிளுக்குத் தர அளவு வகுத்தார்கள். 2009 ஜூலையிலிருந்து அந்த அளவுக்கு உட்பட்ட சைக்கிளில் இரண்டு சிறு குழந்தைகளை ஏற்றிச் செல்ல மாகாணங்கள் அனுமதித்தன. இன்று ஊரெங்கும் பார்க்கும் அந்தக் கனமான பேட்டரி சைக்கிள்கள் தாய்மார்கள் வாங்கிக் கொடுத்த உரிமை. இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், ஏனென்றால் பழக்கத்தைக் குற்றமாக்காமல் வண்டியைத் திருத்தினார்கள்.

மூன்றாவது 2025-ல். அபராதத் தொகைகள் பற்றிப் பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம் என்றபோது ஆயிரக்கணக்கில் கருத்துகள் குவிந்தன. நடைபாதை பற்றிய கவலையே அதில் மேலோங்கி நின்றது. அதற்குப் பிறகு காவல் துறை விளக்கம் கொடுத்தது: நடைபாதையில் ஓட்டியதற்காக மட்டும் சீட்டு எழுத மாட்டோம், வழக்கம்போல் எச்சரிப்போம். வேகமாகப் போய் நடப்பவரைத் திடுக்கிட வைத்தால், போலீஸ் சொல்லியும் கேட்காமல் தொடர்ந்தால், அப்போதுதான் சீட்டு. செப்டம்பரில் வெளியிட்ட சைக்கிள் விதிக் கையேட்டிலும் இதையே சொன்னார்கள்.

விளக்கம் வந்தது நல்லது. ஆனால் இதை முதல் நாளே சொல்லியிருந்தால் இத்தனை அம்மாக்கள் தூக்கம் தொலைத்திருக்க மாட்டார்கள்.

சரி, யார் நடைபாதையில் போகலாம்?

சைக்கிளுக்கு அனுமதி என்ற பலகை இருந்தால் யாரும் போகலாம். பலகை இல்லாவிட்டாலும் 13 வயதுக்குக் குறைந்த குழந்தைகள், 70 வயது நிறைந்தவர்கள், உடல் ஊனம் காரணமாகச் சாலையில் ஓட்டச் சிரமப்படுபவர்கள் போகலாம். இவை தவிர, சாலையின் நிலைமை காரணமாக வேறு வழியில்லை என்றாலும் போகலாம். சாலைப் பணி, வரிசையாக நிறுத்திய கார்கள், குறுகலான சாலையில் கனத்த போக்குவரத்து ஆகியவற்றை இதற்கு உதாரணமாகச் சொல்கிறார்கள். இந்தக் கடைசி விலக்கைப் பலர் அறியாமலே பயந்துகொண்டிருக்கிறார்கள்.

பின் சீட்டில் குழந்தை உட்கார்ந்திருப்பதால் மட்டும் அனுமதி வராது, ஓட்டுபவரின் வயதுதான் கணக்கு.

நடைபாதையில் போகும்போது சாலையை ஒட்டிய பக்கமாக, உடனே நிற்கக்கூடிய மெதுவான வேகத்தில் போக வேண்டும். நடப்பவருக்கு இடைஞ்சல் என்றால் நின்றுவிட வேண்டும். மணியடித்து "வழிவிடு" என்பது கூடாது. அதுவே தனி விதிமீறல். இறங்கித் தள்ளிக்கொண்டு போனால் நீங்கள் நடப்பவர், எந்தச் சிக்கலும் இல்லை.

மற்ற அபராதங்கள்?

போனைக் கையில் பிடித்துப் பார்த்தபடி அல்லது பேசியபடி ஓட்டினால் 12,000 யென். சிவப்பு விளக்கை மீறினால் 6,000. எதிர்த்திசையில் ஓட்டினாலும் 6,000. ரயில்வே கேட் மூடும்போது நுழைந்தால் 7,000. நிறுத்தக் கோட்டில் நிற்காவிட்டால், இரவில் விளக்கில்லாமல் போனால், குடை பிடித்தபடி ஓட்டினால் 5,000. பக்கம் பக்கமாக ஓட்டினாலும், டபுள்ஸ் போனாலும் 3,000. குடித்துவிட்டு ஓட்டுவது இந்தப் பட்டியலிலேயே வராது. அது நேராகக் குற்றவழக்கு, கார் உரிமமும் முடக்கப்படலாம்.

எல்லாச் சுமையும் சைக்கிள்காரர் தலையில்தானா? காருக்கு ஒன்றும் இல்லையா?

இருக்கிறது, ஆனால் பேச்சில் அடிபடவே இல்லை. நீலச் சீட்டைக் கொண்டுவந்த அதே சட்டத் திருத்தத்தில், சைக்கிளைத் தாண்டும் கார் போதிய இடைவெளி விட வேண்டும், விட முடியாவிட்டால் இடைவெளிக்குத் தகுந்தபடி வேகத்தைக் குறைக்க வேண்டும் என்ற கடமையும் வந்திருக்கிறது. மீறினால் காரோட்டிக்கும் அபராதம் உண்டு. 2026 செப்டம்பரிலிருந்து, நடுக்கோடு இல்லாத குறுகிய குடியிருப்புச் சாலைகளில் வேக வரம்பு 60-லிருந்து மணிக்கு 30 கிலோமீட்டராகக் குறைகிறது. என்னைக் கேட்டால் சைக்கிள்காரர்களைச் சாலைக்கு அழைக்கும் முன் அறிவித்திருக்க வேண்டியது இவை இரண்டையும்தான். சைக்கிள் தடத்தில் நிறுத்தும் வண்டிகளை விடாமல் அகற்றினால் இன்னும் பலர் தாமாகவே இறங்கி ஓட்டுவார்கள்.

வேறு நாடுகளில் இதை எப்படிக் கையாண்டார்கள்?

இங்கிலாந்தில் 1835-ல் வந்த சட்டத்தின் கீழ் நடைபாதையில் ஓட்டத் தடை இருக்கிறது. 1999-ல் அதற்கு உடனடி அபராதம் கொண்டுவந்தபோது, அமைச்சர் பால் போடெங் ஒரு விளக்கம் கொடுத்தார். போக்குவரத்துக்குப் பயந்து, நடப்பவர்களை மதித்து, பொறுப்போடு நடைபாதையில் ஏறுபவர்கள் இதன் இலக்கு இல்லை, காவலர்கள் நிதானித்து முடிவெடுக்க வேண்டும் என்றார். ஜப்பானியக் காவல் துறை 2025-ல் கொடுத்த விளக்கமும் ஏறக்குறைய இதேதான்.

ஜெர்மனியில் 8 வயது வரை குழந்தைகள் நடைபாதையில்தான் ஓட்ட வேண்டும், 10 வயது வரை ஓட்டலாம். 2016 டிசம்பரிலிருந்து கூட வரும் பெரியவரும் நடைபாதையிலேயே ஓட்டலாம். நெதர்லாந்தில் எழுபதுகளில், குழந்தைகள் சாலையில் சாவதை நிறுத்துங்கள் என்று பெற்றோர் தெருவில் இறங்கிப் போராடினார்கள். அந்தக் கோபம் தனித் தடங்களாக மாறியது. அங்கேயும் தொடக்கம் பெற்றோரின் பயம்தான்.

ஹெல்மெட் கட்டாயமா?

2023 ஏப்ரலிலிருந்து எல்லா வயதினரும் அணிய முயற்சி எடுக்க வேண்டும் என்கிறது சட்டம். அணியாவிட்டால் அபராதம் இல்லை. சாலையில் ஓட்டப் போகிறீர்கள் என்றால் தயவுசெய்து அணியுங்கள்.

சாலைக்குப் புதிதாக இறங்குகிறேன். எதில் தவறு நடக்கும்?

பெரும்பாலும் சந்திப்பில்தான். சாலையில் வந்தால் வண்டிகளுக்கான சிக்னலைப் பார்க்க வேண்டும். நடப்பவர்–சைக்கிள் என்று எழுதிய தனி விளக்கு இருந்தால் மட்டும் அதைப் பின்பற்ற வேண்டும். வலதுபுறம் திரும்ப, காரைப் போல நடுவில் போய் வெட்டக் கூடாது. நேராகச் சந்திப்பைக் கடந்து, அங்கே நின்று, வண்டியைத் திருப்பி, அந்தத் திசைக்குப் பச்சை விழுந்ததும் போக வேண்டும். வலது பக்கமாக எதிரே ஓட்டுவதை அடியோடு விட்டுவிடுங்கள்.

போலீஸ் நிறுத்திச் சீட்டுக் கொடுத்தால் என்ன செய்வது?

வெளிநாட்டவருக்கும் இதே நடைமுறைதான். ரெசிடென்ஸ் கார்டை (வெளிநாட்டவருக்கான குடியிருப்பு அட்டை) எப்போதும் கையில் வைத்திருங்கள். மறுநாளிலிருந்து 7 நாளுக்குள் வங்கியிலோ தபால் நிலையத்திலோ கட்டிவிட்டால் விஷயம் அதோடு முடியும், குற்றப் பதிவு ஆகாது. அந்த இடத்திலேயே காவலரிடம் பணம் கட்டும் வழக்கமே கிடையாது. அங்கேயே பணம் கேட்டால் ஏமாற்று வேலை. தப்பில்லை என்று நீங்கள் நினைத்தால் கட்டாமல் மறுக்கலாம், ஆனால் அப்போது அது குற்றவழக்கு நடைமுறைக்குப் போகும்.

எங்கள் தெருவில் சாலையில் ஓட்டவே முடியாது. யாரிடம் சொல்வது?

சொல்லுங்கள், கட்டாயம் சொல்லுங்கள். நடைபாதைக்கு அனுமதிப் பலகை வேண்டுமா வேண்டாமா என்பதை மாகாணப் பொதுப் பாதுகாப்பு ஆணையம் முடிவு செய்கிறது, அதற்கு வழி உங்கள் பகுதிக் காவல் நிலையத்தின் போக்குவரத்துப் பிரிவு. காவல் துறையின் ஆலோசனை எண் #9110. பிளந்த ஓரம், உடைந்த சல்லடை மூடி, பள்ளம் போன்றவற்றுக்குச் சாலை அவசர எண் #9910 அல்லது நகராட்சியின் சாலைப் பிரிவு.

போனில் பேச மொழி தடையாக இருந்தால், நகராட்சி அலுவலகத்தில் வெளிநாட்டவருக்கான உதவி மேசை இருக்கிறதா என்று கேளுங்கள். போகும்போது இடத்தின் படம், எந்தக் கிழமை எந்த நேரம் வண்டிகள் நிற்கின்றன, எந்தப் பள்ளிக்கோ காப்பகத்துக்கோ போகும் வழி என்ற மூன்றையும் கொண்டுபோங்கள். காப்பகத்தின் மற்றப் பெற்றோரையும் கூட்டிக்கொண்டு போக முடிந்தால் இன்னும் நல்லது. 2009-ல் விதியை மாற்ற வைத்தவர்களும் இப்படிக் கூடிப் பேசிய பெற்றோர்தான்.